மனதுக்காக நடப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடப்பவர்களை நிறுத்தி ஏன் நடக்கிறீர்கள் என்று கேட்டால், சர்க்கரை, கொழுப்பு, முழங்கால் வலி, டாக்டர் சொல்லிவிட்டார் என்று ஏதாவது ஒரு பதில் வரும். மனது நன்றாக இருப்பதற்காக நடக்கிறேன் என்று சொல்பவர் அபூர்வம். அப்படிச் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் அதற்காகத்தான் ஆறு ஆண்டுகளாக நடக்கிறேன். நான் மருத்துவன் அல்லன், கணக்கு எழுதிப் பிழைப்பவன். தொழில் புத்தியால் நடப்பதற்கு முன்னும் பின்னும் மனநிலையை ஓர் எண்ணாகக் குறித்து வைக்கும் பழக்கம் வந்தது. உடன் நடப்பவர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், ஆய்வுகளிலிருந்தும் என் குறிப்பேட்டிலிருந்தும் நான் சொல்லக்கூடிய பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

உடற்பயிற்சி மனநிலையை மாற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, அல்லது எல்லோரும் சொல்வதால் நாமும் நம்புகிறோமா?

ஆதாரம் இருக்கிறது, ஆனால் விளம்பரங்களில் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழுவினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அதிகம் பேசப்படுவது. மனச்சோர்வு நோய் உறுதி செய்யப்பட்ட, 50 வயதைக் கடந்த 156 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மற்றொரு பிரிவுக்கு இரண்டும் என்று 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். தொடக்க வாரங்களில் மாத்திரைதான் வேகமாக வேலை செய்தது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ஆய்வு தொடங்கிப் பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சியால் தேறியவர்களிடையே நோய் திரும்பியது குறைவாக இருந்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அவர்கள் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். வாரம் மூன்று நாள், மேற்பார்வையாளர் முன்னிலையில், கூட்டமாகப் பயிற்சி செய்தவர்கள். வீட்டில் தனியாகப் படுத்திருக்கும் ஒருவரை எழுந்து போய் நடந்துவிட்டு வா என்று அதட்டினால் அதே பலன் வரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

நோய் வருமுன் காப்பதைப் பற்றி நார்வேயில் 33,908 பேரைப் பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. எல்லோரும் வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது ஏதேனும் பயிற்சி செய்திருந்தால், பின்னாளில் வந்த மனச்சோர்வு நோய்களில் 12 விழுக்காடு வராமல் இருந்திருக்கலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. இது கவனித்து எழுதிய கணக்குதான், பரிசோதனை அன்று. ஆனாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு சிறிய முதலீடு என்பதை ஒரு கணக்கனாக நான் மிகவும் மதிக்கிறேன்.

எண்டார்பின் சுரப்பதால்தான் மகிழ்ச்சி வருகிறது என்கிறார்களே?

அது பாதிக் கதை. எண்டார்பின் என்பது வலியைத் தணிக்க உடலே சுரக்கும் பொருள். அதன் மூலக்கூறுகள் பெரியவை. இரத்தத்தில் மிதக்கும் எண்டார்பின், மூளையைக் காக்கும் தடுப்பைத் தாண்டி எளிதில் உள்ளே போவதில்லை. மூளைக்குள்ளேயே அத்தகைய பொருள்கள் சுரப்பதற்கான தடயத்தை, இரண்டு மணி நேரம் ஓடிய பத்து ஓட்டக்காரர்களின் மூளையைப் படமெடுத்து 2008-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் 2021-ல் வெளியான இன்னொரு ஜெர்மானிய ஆய்வில், எண்டார்பின் வேலை செய்யாதபடி மருந்து கொடுத்துவிட்டு ஓடச் செய்தபோதும், ஓட்டத்தால் வரும் பரவசம் குறையவில்லை. இப்போது பலருடைய கவனம் எண்டோகன்னபினாய்டு என்ற, உடல் தானே தயாரிக்கும் மற்றொரு வகைப் பொருளின் பக்கம் திரும்பியிருக்கிறது. அது கொழுப்பில் கரையக்கூடியது என்பதால் மூளைக்குள் சுலபமாக நுழைந்துவிடும்.

ஒரே ஓர் இரசாயனத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது சரியாகப் படவில்லை. விடியற்காலை வெளிச்சம் கண்ணில் படுகிறது. அரை மணி நேரம் கைபேசி கையில் இல்லை. நாலு பேர் தலையசைக்கிறார்கள். அன்றைய நாளில் குறைந்தது ஒரு காரியமாவது முடிந்துவிட்டது. இவற்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுப்பது ஆய்வாளர்களுக்கே கடினமான வேலை. நடப்பவருக்கு அந்தக் கணக்குத் தேவையும் இல்லை.

நீண்ட காலத்தில் மூளையில் ஏதாவது மாற்றம் நடக்கிறதா?

நடக்கலாம். 2011-ல் அமெரிக்காவில் 120 முதியவர்களிடம் செய்த ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் என ஓராண்டு நடந்தவர்களுக்கு, நினைவாற்றலோடும் மனநிலையோடும் தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி 2 விழுக்காடு பெருத்திருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது வயதுக்கேற்பச் சற்றுச் சுருங்கியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே இதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. ஆகவே மூளை வளரும் என்று யாரிடமும் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்.

நடந்து முடித்ததும் வரும் தெளிவு எவ்வளவு நேரம் நிற்கும்?

சில மணி நேரம். நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான். ஒரு வாரம் நடந்துவிட்டு, இப்போதும் பழையபடிதானே இருக்கிறேன் என்று கேட்கிறார்கள். இந்தப் பலன் குளியலைப் போன்றது. நேற்றுக் குளித்தது இன்றைக்கு உதவாது. என் குறிப்பேட்டில் நடைக்கு முன் சராசரியாக ஐந்து, நடைக்குப் பின் ஆறரை என்று இருக்கும்; பத்துக்கு ஒன்றரை எண் ஏற்றம். பிற்பகல் மூன்று மணிக்கு வரவு செலவு முடிக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் கரைந்துவிடும்.

இதற்கு அடியில் மெதுவாக நகரும் இன்னொரு மாற்றமும் உண்டு. அது வாரக்கணக்கில் வருவது. டியூக் ஆய்வு 16 வாரங்கள் நடந்ததை நினைவில் வையுங்கள். எனக்கு முதலில் திரும்பி வந்தது தூக்கம். நடக்கத் தொடங்கி இரண்டாம் மாதத்தில், இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பது குறைந்தது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை; இப்போதெல்லாம் நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கக் காணோமே என்று என் மனைவி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

தினமும் எவ்வளவு நேரம் நடக்க வேண்டும்? பத்தாயிரம் அடி கட்டாயமா?

பத்தாயிரம் என்ற எண் மருத்துவர்கள் கண்டுபிடித்ததே அன்று. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-ல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயரே ஜப்பானிய மொழியில் பத்தாயிரம் அடிக் கருவி என்று பொருள்படும். எண் முழுமையாக இருந்ததால் உலகமெங்கும் ஒட்டிக்கொண்டது.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான பயிற்சி. இத்துடன் இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சி. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் நடந்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதியையும் அவர்கள் நீக்கிவிட்டார்கள். அது உடல் நலம் முழுவதற்குமான அளவு. அந்த நாளின் மனநிலையை மட்டும் கேட்டால், பத்துப் பதினைந்து நிமிட நடைக்கே வித்தியாசம் தெரியும். தெப்பக்குளத்தை ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். மிகவும் மோசமான நாட்களில் நான் ஒரு சுற்றோடு திரும்பிவிடுவேன். ஆனாலும் அந்த நாட்களில்தான் முன்னெண்ணுக்கும் பின்னெண்ணுக்கும் இடைவெளி அதிகமாக இருக்கிறது.

எவ்வளவு வேகமாக நடப்பது?

பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு இதைவிட எளிய அளவுகோல் இல்லை. மூச்சு வாங்கி, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாத நிலைக்குப் போனால், பெரும்பாலோருக்கு அந்த நேரத்து மனநிலை கீழே இறங்கத் தொடங்குகிறது. நிறுத்தியதும் ஒருவித நிம்மதி வரும் என்பது உண்மைதான்; ஆனால் மனம் மறுநாளைக்கு எடுத்து வைத்துக்கொள்வது அந்தத் துன்பத்தை. உடம்பைக் கசக்கினால்தான் பலன் என்று பயிற்சியாளர்கள் மிரட்டுவதை எடை குறைக்க வந்தவர் ஏற்றுக்கொள்ளலாம். மனதுக்காக வந்தவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

காலை நல்லதா, மாலை நல்லதா?

உங்களுக்கு எது நடக்குமோ அதுவே நல்லது. காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சீராக்கித் தூக்கத்துக்கு உதவும் என்பது காலை நடைக்கு உள்ள கூடுதல் தகுதி. மாலையில் நடப்பவர்கள் அதனால் தூக்கம் கெடுமோ என்று பயப்பட வேண்டாம். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் கடுமையான பயிற்சியாகச் செய்யாதவரை பெரும்பாலோருக்குத் தொந்தரவு இல்லை.

மனமே சரியில்லாத நாளில் படுக்கையை விட்டு எழவே முடியவில்லை. அப்போது எப்படி நடக்கப் போவது?

கேட்கப்படும் கேள்விகளில் இதுதான் உண்மையான கேள்வி. மற்றவை எல்லாம் வசதியாக இருக்கும்போது எழுபவை. மனம் சரியானால் நடக்கப் போகலாம் என்று காத்திருப்பதுதான் நம் இயல்பு. ஆனால் மனச்சோர்வில் வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் உடல் அசைய வேண்டும், அதன் பின்னால் மனம் வரும், சில சமயம் மிகவும் தாமதமாக வரும். மனநல மருத்துவத்திலும் இதே முறையைச் சிகிச்சையாகப் பயன்படுத்துகிறார்கள்: விருப்பம் வரும்வரை காத்திராமல், முன்கூட்டி எழுதி வைத்த சிறிய செயல்களை நேரப்படி செய்துகொண்டே போவது.

என் தந்தை இறந்த ஆண்டில்தான் நான் நடக்கத் தொடங்கினேன். முதல் மாதத்தில் வாசல் கதவைத் திறப்பதே பெரிய காரியமாக இருந்தது. அப்போது உதவியது மன உறுதி அன்று, சின்னச் சின்ன ஏற்பாடுகள். இரவே சட்டையையும் அரைக்கால் சட்டையையும் நாற்காலியில் எடுத்து வைத்துவிடுவேன். காலணி வாசல்படியில், கயிறு தளர்த்தி, கால் நுழையும்படி இருக்கும். பால் வாங்கும் பொறுப்பை வீட்டாரிடமிருந்து நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பால் வாங்காவிட்டால் காபி இல்லை, காபி இல்லாவிட்டால் வீட்டில் ஆறு மணிக்கே விசாரணை தொடங்கிவிடும். பால் பூத்து வரை போய்விட்டால் அங்கிருந்து தெப்பக்குளம் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடம் நடந்த பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் திரும்பிவிடலாம் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன். அந்த அனுமதியைப் பயன்படுத்தித் திரும்பி வந்த நாட்களும் உண்டு. அவற்றையும் குறிப்பேட்டில் நடந்த நாளாகவே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. கனடாவில் 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி எவ்வளவு இன்பமாக இருக்கும் என்று முன்கூட்டி மதிப்பிடச் சொன்னபோது, மக்கள் பின்னால் உண்மையில் உணர்ந்ததைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். தொடக்கத்தின் சில நிமிடச் சங்கடம் கண்ணை மறைப்பதே காரணம். படுக்கையில் இருக்கும்போது மனம் சொல்லும் மதிப்பீட்டில் பிழை இருக்கிறது என்பது தெரிந்தால், அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருக்க முடியும்.

காலையிலிருந்து இரவு வரை வீட்டு வேலை செய்கிறேன். அது பயிற்சி ஆகாதா?

என் அக்கா கேட்ட கேள்வி இது; கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டார். உடலைப் பொறுத்தவரை துணி துவைப்பதும் மாவாட்டுவதும் மாடிப்படி ஏறுவதும் அசைவுதான்; கணக்கில் சேரும். மனநிலையைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியவில்லை. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் அசைவுக்கு மனநலத்தோடு உள்ள நல்ல தொடர்பு, வேலையாகச் செய்யும் அசைவில் அவ்வளவாகத் தென்படுவதில்லை என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. பாத்திரம் தேய்க்கும்போது அடுத்த வேலை பின்னால் வந்து நிற்கிறது. நடக்கும்போது அந்த அரை மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் பெண்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடைப்பதில்லை என்பதே உண்மையான சிக்கல். 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி, 2022-ல் இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினரும் ஆண்களில் 42 விழுக்காட்டினரும் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள். இதைப் பெண்களின் சோம்பல் என்று படிப்பவர், காலை ஐந்தரைக்கு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றுபவர் யார் என்பதை மறந்தவர். என் அக்கா இப்போது மாலை ஆறு மணிக்கு மொட்டைமாடியில் நடக்கிறார். அந்த நேரத்தில் மைத்துனர் சமையலறையில் நிற்பது என்பது பேசி முடித்த ஒப்பந்தம். இப்படி ஒப்பந்தம் போடாமல் நடைப்பயிற்சி அறிவுரை மட்டும் சொல்லும் ஆண்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

தனியாக நடப்பதா, துணையோடு நடப்பதா?

துணை இருந்தால் விடாமல் வருவீர்கள். தனியாக நடந்தால் மனம் ஆறும். இரண்டும் தேவைப்படும் நாட்கள் உண்டு. துணையாக வருபவர் ரியல் எஸ்டேட், அரசியல், மருமகள் ஆகிய மூன்றையும் தெப்பக்குளத்தின் நான்கு பக்கமும் பேசுபவராக இருந்தால், என் குறிப்பேட்டில் பின்னெண் முன்னெண்ணைவிடக் குறைந்துவிடுகிறது. காதில் பாட்டு மாட்டிக்கொள்வது ஒரு வழி. பாட்டு களைப்பை மறக்கச் செய்யும். வண்டிகள் வரும் சாலையில் மட்டும் வேண்டாம்.

எட்டு வடிவ நடைக்குத் தனிச் சக்தி உண்டா?

பூங்காக்களில் கூழாங்கல் பதித்து எட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். சித்தர்கள் சொன்ன முறை என்று பலகையும் இருக்கும். திரும்பித் திரும்பி நடப்பதால் உடலின் சமநிலைக்குக் கொஞ்சம் வேலை கிடைக்கிறது, சிறிய இடத்திலும் நடக்க முடிகிறது. வயதானவர்களுக்கு இவை இரண்டும் நல்லவை. பலகையில் எழுதியிருக்கும் மற்ற நோய்களின் பட்டியலை நம்ப வேண்டியதில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் கூழாங்கல்லின் மேல் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. காயம் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

நடைதான் வேண்டுமா? எடை தூக்குவது, யோகா, கபடி?

நடைதான் வேண்டும் என்று ஒன்றும் இல்லை. எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சிகள் மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைப்பதாக, 33 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2018-ல் சொன்னது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,877 பேர். தசை எவ்வளவு வலுப்பட்டது என்பதைப் பொறுத்து மனநிலைப் பலன் மாறவில்லை என்பது அதில் எனக்குப் பிடித்த செய்தி. யோகாவுக்கும் நல்ல முடிவுகள் வந்திருக்கின்றன. நான் நடையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம், அதற்குக் கட்டணம் இல்லை, கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கெட்ட நாளிலும் செய்ய முடியும் என்பவையே.

எனக்குப் பதற்றம் அதிகம். வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கிறது, அதுவே பயத்தைக் கூட்டுகிறது. என்ன செய்வது?

முதலில் மருத்துவரிடம் காட்டி இதயத்தில் கோளாறு இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அது உறுதியான பிறகு, அந்தப் படபடப்பையே மருந்தாக்க முடியும். பதற்றத்தால் வரும் படபடப்பும் மூச்சிரைப்பும் வியர்வையும், நடையால் வருபவையும் உடலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். நடக்கும்போது அவை வந்து, ஆபத்து எதுவும் நேராமல், தாமாகவே அடங்குவதைப் பலமுறை பார்த்த மனம், நெஞ்சு துடித்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று முடிவுகட்டுவதை மெல்ல விடுகிறது. மெதுவாகத் தொடங்கி, இரண்டு நிமிடம் மட்டும் வேகத்தைக் கூட்டி, மறுபடி குறைத்துப் பழகுங்கள். பதற்றத்துக்காக புரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித் துடிப்பு அதிகம் ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைப் பார்க்காமல், பேச முடிகிறதா என்பதையே அளவாகக் கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. ஏன்?

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பியதால் இருக்கலாம். இலண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரைக் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. மூன்றாவது வாரத்தில் இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்றால் அது உங்கள் குறை அன்று. ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் உருவாவது பெரிதாகத் தடைப்படவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. தெப்பத் திருவிழாவின்போது தெப்பக்குளத்தைச் சுற்றிக் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நாட்களை நான் விடுமுறையாகவே எழுதிவிடுகிறேன்.

இப்போது ஒரு நாள் நடக்காவிட்டால் எரிச்சல் வருகிறது. இது அடிமைத்தனமா?

பெரும்பாலும் அன்று. தொடர்ந்து பயிற்சி செய்பவர்கள் நிறுத்தினால் தூக்கமும் மனநிலையும் கெடுவது வழக்கமான செய்தி. 1970-ல் இதை ஆராய முயன்ற அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு, வாரம் ஐந்தாறு நாள் பயிற்சி செய்பவர்கள் பணம் தருவதாகச் சொல்லியும் ஒரு மாதம் நிறுத்தச் சம்மதிக்கவில்லையாம். குறைவாகப் பயிற்சி செய்பவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்தினார். ஆனால் காய்ச்சலிலும் கால் சுளுக்கிலும் நடந்தே தீருவேன் என்பது, சாப்பிட்டதற்குத் தண்டனையாக நடப்பது, வீட்டு விசேஷங்களை நடைக்காகத் தவிர்ப்பது ஆகியவை வேறு வகை. அங்கே நடை மனதை ஆற்றவில்லை, விரட்டுகிறது. அதற்கு உதவி தேட வேண்டும்.

நடக்கத் தொடங்கிவிட்டேன், மனச்சோர்வு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கூடாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரோடு பேசிச் செய்ய வேண்டியவை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரக்கூடும், அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிக் குழம்பவும் நேரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, அன்றாட வேலை ஓடவில்லை என்றால் நடை மட்டும் போதாது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். எங்கள் வீட்டுத் துக்க காலத்தில் நான் நடந்தேன் என்பதோடு, மருத்துவரையும் பார்த்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். எது குணப்படுத்தியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் வரவு வைத்திருக்கிறேன்.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது?

நடக்கும்போது நெஞ்சு வலி, இறுக்கம், மயக்கம் வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம். கை நடுக்கமும் வியர்வையும் காரணமற்ற எரிச்சலும் அதன் அடையாளங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைப் பொட்டலமோ வைத்திருங்கள். பலர் சாக்லேட் வைத்திருக்கிறார்கள். அதிலுள்ள கொழுப்பினால் சர்க்கரை இரத்தத்தில் சேரத் தாமதமாகும்.

எங்கே நடப்பது? வெயில், மழை, நாய்?

தமிழக அரசு 2023-ல் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. உங்கள் ஊரில் அது எங்கே என்று விசாரித்துப் பாருங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுவது நல்லது. மழை நாளில் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம்; சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் எண் ஏறும். நாயைக் கண்டால் ஓடாமல், முறைக்காமல், வேகத்தைக் குறைத்துக் கடந்து போங்கள். கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பேட்டை எப்படி எழுதுவது?

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். தேதி, கிளம்பும் முன் பத்துக்கு எத்தனை, திரும்பி வந்து தண்ணீர் குடித்த பிறகு எத்தனை, அருகில் நாலைந்து சொற்கள். அடிக் கணக்கும் எடையும் இந்த நோட்டில் வேண்டாம். அவை நுழைந்தால் முதலில் எழுத மறப்பது மனநிலையைத்தான். எண்ணைப் பற்றி அதிகம் யோசிக்காமல் முதலில் தோன்றுவதை எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் திருப்பிப் பாருங்கள். தினமும் பார்த்தால் அதுவே புதிய கவலையாகிவிடும்.

என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு, இரண்டு என்றுதான் இருக்கிறது. அருகில், மழை வரும்போலிருந்தது, பால் வாங்கினேன், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறேன். பதினெட்டாம் நாள்தான் முதன்முதலாகப் பின்னெண் முன்னெண்ணைத் தாண்டியது. இரண்டு, மூன்று. அதன் அருகில் தெப்பக்குளத்தில் தண்ணீர் வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். தண்ணீர் அதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது என்று உடன் நடப்பவர் பின்னொரு நாள் சொன்னார்.